கதவோர சீட்டும் ஒரு 'யெஸ்'ஸும்

காசு கொடுத்து வேலைக்குச் சேருவது நம்ம ஊருக்குப் புது விஷயம் இல்லை. ஆனால் காசும் கொடுத்து, சம்பளமும் வாங்காமல், ஒரே மணி நேரத்தில் ரிட்டயரும் ஆகிற வேலை ஒன்று உண்டு. விமானத்தில் அவசர வழிக் கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிற வேலைதான் அது. அந்த வரிசையில் கால் நீட்டக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். அதற்காகவே விமானக் கம்பெனிகள் அந்த சீட்டைத் தனிக் கட்டணம் போட்டு விற்கின்றன. இண்டிகோவில் அதற்கு எக்ஸ்.எல். சீட் என்று பெயர். ஏதோ டி-ஷர்ட் சைஸ் மாதிரி!

கூடுதல் காசு கட்டிய மனுஷன் காலை நீட்டிக்கொண்டு, செல்போனில் கடைசி வாட்ஸப்பை அனுப்பிக்கொண்டிருப்பார். அப்போதுதான் பணிப்பெண் வந்து குனிந்து நிற்பார்.

"சார், நீங்க எமர்ஜென்சி எக்ஸிட் பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க. அவசரம்னா இந்தக் கதவைத் திறக்க உதவி செய்வீங்களா?"

"யெஸ், யெஸ்."

"இந்தக் கார்டை ஒரு தடவை படிச்சுடுங்க சார்."

"ஷ்யூர்."

அவ்வளவுதான். அப்பாயின்ட்மென்ட் முடிந்தது. எழுத்துத் தேர்வு இல்லை, இன்டர்வியூ இல்லை, எம்.எல்.ஏ. சிபாரிசு இல்லை. கார்டு வந்த வழியே முன் சீட்டின் பைக்குள் போய்விடும். வாட்ஸப் தொடரும்.

சரி, அவர் 'யெஸ்' சொல்லி ஏற்றுக்கொண்ட வேலை என்ன? இதை வரிவரியாக எழுதி வைத்திருக்கிறது அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. 1990இல் கொண்டு வந்த விதி. மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே சங்கதிதான். கதவோரம் உட்கார்ந்தவர் கதவு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எதைப் பிடித்து இழுத்தால் திறக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். திறந்தால் ஆபத்து குறையுமா, கூடுமா என்று முடிவு செய்ய வேண்டும் (வெளியே தீ எரிந்தால் திறக்கக் கூடாது இல்லையா?). திறந்த கதவு யார் காலையும் தடுக்காதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். சறுக்கு மாதிரி விரியும் பலூன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது ஆடாமல் பிடித்து மற்றவர்களை இறக்க வேண்டும். பிறகு தானும் சட்டென்று வெளியே போய், எந்தப் பக்கம் ஓடினால் உயிர் தப்பும் என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதாவது ஒரு என்ஜினீயர், ஒரு தீயணைப்பு வீரர், ஒரு டிராஃபிக் போலீஸ் மூன்று பேரும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை. அதற்கான பயிற்சி நேரம், தாராளமாகக் கணக்கு போட்டாலும், ஒரு நிமிஷம்.

அந்த விதியிலேயே இதைவிடப் பெரிய காமெடி இன்னொன்று இருக்கிறது. கார்டில் உள்ள மொழியைப் படிக்கவோ புரிந்துகொள்ளவோ முடியாதவர்கள், வேறு சீட் கேட்டு ஊழியரிடம் சொல்ல வேண்டுமாம். இந்த வேண்டுகோளை எங்கே அச்சடிக்கச் சொல்கிறார்கள்? அதே கார்டில்! வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "வராதவங்க எல்லாம் கையைத் தூக்குங்க" என்று கேட்கிற வாத்தியார் ஜோக்குக்கும் இதற்கும் ரொம்ப தூரம் இல்லை :-) கார்டு எத்தனை மொழியில் இருக்கிறதோ அத்தனையிலும் இதைப் போடச் சொல்கிறது விதி. ஒரு மொழி தெரியாதவர் இன்னொன்றில் படித்துக்கொள்வார் என்பது கணக்கு. அதில் எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? அவர் பேசாமல் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

வயசு விஷயமும் சுவாரஸ்யம்தான். அமெரிக்க விதிப்படி 15 வயது ஆகியிருந்தால் கதவோரம் உட்காரலாம். பி.காம். முதல் வருஷம் பிசினஸ் லா படித்தவர்களுக்குத் தெரியும், இந்தியாவில் 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1903ஆம் வருஷத்து மொஹரி பீபி வழக்கை மனப்பாடம் பண்ணாத காமர்ஸ் மாணவர் கிடையாது. ஒரு பைக் கடனுக்குக் கையெழுத்துப் போட முடியாத பையன், நூற்றுச் சொச்சம் பேர் வெளியேறும் கதவுக்குப் பொறுப்பாளர் ஆகலாம்!

சிரிப்பு இருக்கட்டும். இந்தச் சட்டதிட்டம் எல்லாம் எதற்கு என்று கேட்டால், பதில் சிரிக்கிற மாதிரி இல்லை.

1985 ஆகஸ்ட் 22. இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தில் ஒரு போயிங் 737 கிளம்புவதற்காக ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது இடது என்ஜின் வெடித்துத் தீப்பிடித்தது. விமானி நிறுத்திவிட்டார். விமானம் தரையில்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே இருந்த 137 பேரில் 55 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் செத்தது புகையில்.

அதில் வலது இறக்கைக்கு மேலே இருந்த அவசர வழியின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறக்க அவர் பிடித்து இழுத்தது சீட்டின் கைப்பிடியை. அந்தப் பதற்றத்தில் அதுதான் கைக்குக் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து மேலே இருந்த சரியான பிடியை இழுத்தார். கதவு கழன்று உள்பக்கமாக அந்தப் பெண்ணின் மேலேயே விழுந்தது. அதன் எடை சுமார் 22 கிலோ. பின் சீட்டுக்காரர் உதவி செய்து அதைத் தூக்கி நகர்த்தி வழி திறப்பதற்குள், விமானம் நின்றதிலிருந்து சுமார் 45 வினாடி போய்விட்டது. ஒரு புது ரக விமானம் சான்றிதழ் வாங்க வேண்டுமானால், பாதி வழிகளை மட்டும் வைத்து 90 வினாடிக்குள் மொத்தப் பேரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும். அந்த 90இல் சரிபாதி, ஒரு கைப்பிடிக் குழப்பத்திலேயே கரைந்தது.

அந்தப் பெண் மேல் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் பிரிட்டனில் இந்த மாதிரி இறக்கைமேல் வழிகளை ஒட்டி இடைவெளியை அதிகமாக்கச் சொன்னார்கள். மக்கள் நெருக்கியடிக்காமல் கதவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. ஆக, இன்றைக்கு எக்ஸ்.எல். என்று பேர் வைத்து விற்கிற அந்த இடம் காலை நீட்டுவதற்காக உண்டானது இல்லை. எல்லோரும் ஓடுவதற்காக விட்ட வழி அது. அதில் ஒருவர் வாடகைக்குக் கால் நீட்டிக்கொள்கிறார், அவ்வளவே.

இப்போது அந்த 22 கிலோவை யோசித்துப் பாருங்கள். 25 கிலோ அரிசி சிப்பத்தைவிடக் கொஞ்சம் குறைச்சல். உட்கார்ந்த நிலையில், குறுகின இடத்தில், புகைக்கு நடுவே அதைத் தூக்க வேண்டும். இதற்கு யார் சரியான ஆள்? குயிலாப்பாளையத்திலிருந்து ஈ.சி.ஆர். பக்கம் இறங்கினால் பொம்மையார்பாளையம். அங்கே கடலுக்குப் போகிற மீனவர் ஒருவருக்கு 22 கிலோ ஒரு பொருட்டா? அலையில் ஆடுகிற படகில் நின்றுகொண்டு வலை இழுக்கிறவர். ஆபத்து வந்தால் கை நடுங்காது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு நொடியில் முடிவெடுப்பார். ஆனால் இங்கிலீஷ் கார்டைப் படிக்கச் சொன்னால் மாட்டிக்கொள்வார். அவரைப் பின் வரிசைக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கவே பக்கத்து ரூம் ஆளைக் கூப்பிடுகிற ஒரு சாஃப்ட்வேர் தம்பியை அங்கே உட்கார வைப்பார்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியுமே!

குயிலாப்பாளையத்துக்கு இந்த மொழிப் பிரச்சினை நன்றாகவே புரியும். ஆரோவில் ரோட்டில் கடை போட்டிருப்பவர்கள் பலர் வருகிற வெள்ளைக்காரர்களிடம் கேட்டுக் கேட்டே இங்கிலீஷும் நாலு வார்த்தை பிரெஞ்சும் பேசுவார்கள். எழுதிக் கொடுத்தால் வாசிக்க வராது. பேச்சில் கில்லாடி, கார்டில் பூஜ்யம். 2024 டிசம்பரில் பக்கத்திலேயே புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஏ.டி.ஆர். விமானம் விட ஆரம்பித்தது. அந்தக் கடைக்காரர்களில் ஒருவர் கதவோரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

ஏனென்றால் அது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 16ஆம் தேதி, விஜயவாடாவிலிருந்து ஹைதராபாத் போன இண்டிகோ விமானம். 2ஏ சீட்டில், அவசர வழியோரம், ஒரு பெண். அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். பணியாளர் சொன்ன இங்கிலீஷும் இந்தியும் புரியவில்லை. பாதுகாப்புக் காரணம் சொல்லி அவரை 3சிக்கு மாற்றினார்கள். உடன் பயணம் செய்த ஒரு பேராசிரியை அதை ட்விட்டரில் எழுத, அப்போது தெலங்கானா அமைச்சராக இருந்த கே.டி. ராமராவ், உள்ளூர் மொழி தெரிந்த ஊழியர்களைப் போடுங்கள் என்று விமான நிறுவனத்துக்குச் சொல்ல, ஊரெல்லாம் பேச்சானது. தெலுங்கு ஊரில் கிளம்பி இன்னொரு தெலுங்கு ஊரில் இறங்குகிற விமானம் அது!

விதிப்படி பார்த்தால் ஊழியர் செய்தது சரி. சொல்வது புரியாதவரைக் கதவுக்குப் பொறுப்பாக வைக்க முடியாது. ஆனால் அவர் சொன்னது தெலுங்கில் இருந்திருந்தால் அந்தப் பெண் புரிந்துகொண்டிருப்பார் என்பதும் சரி. குறை யாரிடம் என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்று மாசம்கூட ஆகவில்லை. 2022 டிசம்பர் 10, சென்னையிலிருந்து திருச்சி கிளம்ப வேண்டிய இண்டிகோ விமானம். தரையில் நிற்கும்போதே அவசர வழிக் கதவு திறந்துகொண்டது. பயணி ஒருவர் கை பட்ட வேலை. கதவைத் திரும்ப மாட்டி, காற்றழுத்தச் சோதனை எல்லாம் முடித்துத்தான் விமானம் தாமதமாகக் கிளம்பியது. ஒரு மாசம் கழித்து, 2023 ஜனவரியில்தான் செய்தி பெரிதாக வெடித்தது. கதவருகே இருந்தவர் பெங்களூர் தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா. அவர் தவறுதலாகத் திறந்துவிட்டார், உடனே மன்னிப்பும் கேட்டுவிட்டார் என்று அப்போதைய விமானத்துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கம் கொடுத்தார்.

அது தவறுதல்தான், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. ஆனால் இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரியவில்லை என்பதால் ஒருவர் நகர்த்தப்பட்டார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் வக்கீலுக்குப் படித்த எம்.பி.; இங்கிலீஷ், இந்தி எதிலும் குறைவில்லை. கதவு திறந்துவிட்டது. அப்படியென்றால் அந்தக் கேள்வி எதைத்தான் சோதிக்கிறது?

இங்கேதான் மறுபடியும் பிசினஸ் லா புத்தகத்தைத் திறக்க வேண்டும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 13ஆவது பிரிவு. சம்மதம் என்றால் என்ன என்று அதில் சொல்லியிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி. கதவோர சீட்டுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். பணிப்பெண் கேட்பது கதவைப் பற்றி. பயணி 'யெஸ்' சொல்வது கால் நீட்டும் இடத்தைப் பற்றி. "சரி சரி, என்னை எழுப்பிவிடாதே" என்பதுதான் அந்த 'யெஸ்'ஸின் தமிழாக்கம். ஒரே விஷயமும் இல்லை, ஒரே அர்த்தமும் இல்லை. இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்பது வேறு. ஆனால் சம்மதம் என்ற வார்த்தைக்கு அங்கே வேலை இல்லை.

இந்த அர்த்தக் குழப்பம் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். 2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே 300 பேர். எல்லோரும் பிழைத்தார்கள், தீயை அணைக்கப் போன ஒரு வீரர் இறந்துபோனார். அன்றைக்கு உள்ளே எடுத்த வீடியோவில், ஊழியர் கத்திக்கொண்டிருக்க, பயணிகள் மேலே இருந்த பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையை விட்டுவிட்டு வாருங்கள் என்பது கார்டில் இல்லாத புது விஷயமா? 2023 மே மாதம் தென்கொரியாவில் ஆசியானா விமானத்தில் ஒரு பயணி, தரையிறங்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, சுமார் 213 மீட்டர் உயரத்தில் அவசரக் கதவைத் திறந்துவிட்டார். நல்ல வேளை, 194 பயணிகளும் உயிரோடு இறங்கினார்கள். உச்சி உயரத்தில் பறக்கும்போது உள்காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன் கணக்கில் கதவை அழுத்திப் பிடித்திருக்கும், பயில்வானாலும் திறக்க முடியாது. தாழப் பறக்கும்போதும் தரையில் நிற்கும்போதும் அந்தக் காவல் கிடையாது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் செய்த காரியம்: சில விமானங்களில் அந்தக் கதவோர சீட்டை விற்பதையே நிறுத்தியது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று போஸ்ட்டையே எடுத்துவிட்ட மாதிரி.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்து யாருக்கும் மறந்திருக்காது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். அவர் இருந்தது 11ஏ, அவசர வழியோர சீட். உடனே ஊரெல்லாம் 11ஏ கேட்க ஆரம்பித்ததாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு ரக விமானத்திலும் சீட் அமைப்பு வேறு. பலவற்றில் 11ஏ பக்கத்தில் கதவே இருக்காது! துக்கத்திலும் ஜனங்கள் தேடியது ராசியான நம்பரை. கதவு எங்கே என்று கேட்டவர் குறைவு.

சரி, இதற்கு என்னதான் வழி? பெரிய செலவு ஒன்றும் இல்லை. கேள்வியை மாற்றினால் போதும். "செய்வீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் 'யெஸ்'தான். "பிடி எங்க இருக்குன்னு காட்டுங்க, எப்போ தொடக் கூடாதுன்னு சொல்லுங்க" என்று கேட்டால், பத்து வினாடியில் குட்டு உடைந்துவிடும். அந்தக் கேள்வியை அந்த ஊர் பாஷையிலும் கேட்டால், விஜயவாடா அம்மா எழுந்திருக்க வேண்டியதில்லை. பொம்மையார்பாளையத்து அண்ணன் பின் வரிசைக்குப் போக வேண்டியதில்லை. தெரியாதவர், விருப்பம் இல்லாதவர் கௌரவமாக வேறு சீட்டுக்குப் போகலாம். அமெரிக்க விதியில் இதற்கு ஒரு நல்ல சலுகைகூட இருக்கிறது: சீட் மாற்றக் கேட்பவரிடம் காரணம் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பயமாக இருக்கிறது என்பதுகூடப் போதுமான காரணம்தான். அதைச் சொல்லாமலே எழுந்துகொள்ளலாம்.

பேலன்ஸ் ஷீட் நடத்திவிட்டு சார் திரும்பி, "என்ன, புரிஞ்சுதா?" என்று கேட்பார். அறுபது தலையும் ஒரே நேரத்தில் ஆடும். உண்மை தெரியும் நாள் செமஸ்டர் ரிசல்ட் வரும் நாள். பேப்பரில் அரியர் விழுந்தால் நவம்பரில் திரும்ப எழுதிக்கொள்ளலாம். அந்தக் கதவுக்கு அரியர் கிடையாது. அடுத்த தடவை கதவோரம் சீட் கிடைத்தவர்கள் காலை நீட்டுவதற்கு முன்னால் கையை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வாட்ஸப் எங்கேயும் ஓடிவிடாது.